பெயர்களை எண்ணுகிறவள்

காலை ஏழு மணிக்கு ரூல்ஃபினா செய்தித்தாளைப் பின்பக்கத்திலிருந்து பிரிக்கிறாள். முன்பக்கத்தில் மந்திரிசபை கவிழ்ந்திருக்கலாம், அணையை உடைத்துக்கொண்டு கடலே உள்ளே வந்திருக்கலாம். அதெல்லாம் அப்புறம். மரண அறிவிப்புப் பக்கத்தைச் சமையலறை மேசையில் விரித்து, காப்பிக் கோப்பையை ஓரத்தில் பாரமாக வைத்து, மர ஸ்கேலை முதல் கட்டத்தின் மேல் பொருத்துகிறாள். ஸ்கேல் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்குகிறது. மனைவி, பிள்ளைகள், பிள்ளைகளின் துணைகள், பேரக்குழந்தைகள், இறந்தவரின் உடன்பிறந்தோர். கடைசி வரிக்கு வந்ததும் உதட்டைப் பிதுக்குகிறாள். "ஒண்ணு குறையுது."

பெரும்பாலும் குறையத்தான் செய்கிறது. நடு மகனின் மனைவி இல்லை, அல்லது கனடா போன மகள் இல்லை. பென்சிலால் அந்த இடத்தில் ஒரு சின்ன வட்டம் போடுகிறாள். பத்து மணிக்கு அந்தப் பத்திரிகை பக்கத்து வீட்டு கூர்ட்டுக்குப் போகும். இருவருக்கும் சேர்த்து ஒரே சந்தா. உருளைக்கிழங்கு மாவு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கூர்ட்டுக்கு விளையாட்டுப் பக்கம் போதும். ஆனாலும் வட்டங்களைப் பார்க்காமல் விடமாட்டார்.

"ஏன் தாயே, செத்தவங்களயாவது சும்மா விடேன்."

"செத்தவங்கள நான் என்ன சொன்னேன்? எழுதுறது இருக்கிறவங்கதானே. அவங்களத்தான் நம்ப முடியல."

ரூல்ஃபினாவுக்கு எழுபது வயது. குரோனிங்கன் மாகாணத்தின் கிழக்குக் கோடியில், கால்வாயின் இரு பக்கமும் நீண்டு கிடக்கும் எங்கள் ஊரில் பிறந்து, இங்கேயே இருப்பவள். வட்டாரப் பத்திரிகையில் முப்பத்தோரு வருடம் மரண அறிவிப்பு மேசையில் உட்கார்ந்திருந்தாள். ரிசீவரை இடது தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டே தட்டச்சு செய்ததால் இடது தோள் இன்றைக்கும் வலதைவிட ஒரு விரற்கடை உயர்ந்து நிற்கிறது. போனில் அழுதுகொண்டே பேச ஆரம்பிப்பவர்களிடம் அவள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "செத்தது உறுதியா?"

கல்நெஞ்சுக்காரி என்று ஊரில் பேச்சு வந்ததற்கு அந்தக் கேள்விதான் காரணம். ஆனால் அதற்கும் ஒரு காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் புறாப் பந்தயக்காரர் ஒருவரின் மரண அறிவிப்பை, துக்கம் தொண்டையை அடைக்கும் குரலில் யாரோ சொல்ல, இவள் நம்பி அச்சுக்குக் கொடுத்துவிட்டாள். மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் காலமானவரே பத்திரிகையும் கையுமாக வந்து நின்றார். திட்டவில்லை. "என் அடக்கத்துக் கேக்குக்கு யார்கிட்ட சொல்லியிருக்கு?" என்று மட்டும் கேட்டார். பந்தயத்தில் தோற்ற ஒருவன் செய்த குறும்பு அது. அன்றிலிருந்து எந்தச் சாவையும் அவள் ஒரு வாயால் கேட்டு ஏற்றுக்கொண்டதில்லை. இறுதிச்சடங்கு நிலையத்துக்குத் திருப்பிக் கூப்பிடுவாள், பிறகு வீட்டுக்கு, அப்போதும் திருப்தி இல்லையென்றால் அடுத்த வீட்டுக்கு.

அந்த முப்பத்தோரு வருடத்தில் துக்கத்தின் சொற்கள் எல்லாவற்றின் மேலும் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "'அன்பானவர்கள் சூழ்ந்திருக்க'ன்னு போட்டிருந்தா, அத எழுதினவன் அந்த நேரத்துல அங்க இல்லன்னு அர்த்தம்" என்பாள். நெருங்கிய வட்டத்தில் அடக்கம் என்று கண்டால் "சண்டை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாள். பூக்கள் வேண்டாம் என்ற வரியைப் பற்றி அவளிடம் பேச்சே கொடுக்கக் கூடாது, அரை மணி நேரம் போய்விடும்.

மே நான்காம் தேதி மாலை, போரில் மாண்டவர்களுக்காகத் தேவாலயத்துப் பக்கத்திலுள்ள நினைவுக்கல் முன்னால் ஊரே கூடி நிற்கும். எட்டு மணிக்கு எக்காளம் ஓய்ந்ததும் இரண்டு நிமிட மௌனம். பஸ் நின்றுவிடும், சைக்கிள்காரன் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு நின்றுவிடுவான். எல்லாத் தலைகளும் குனிந்திருக்கையில் ரூல்ஃபினாவின் தலை மட்டும் நிமிர்ந்திருக்கும். யார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், யார் போனைத் தடவினார், மாலை வைக்கும் வரிசையில் முந்த யார் காலை நகர்த்தினார் என்பதெல்லாம் அவளுக்கு வேண்டும். "எல்லாரும் கண்ண மூடிக்கிட்டா யாராவது ஒருத்தர் பாக்க வேணாமா?"

இரண்டு வருடம் முன்பு ஒரு பள்ளிக்கூடப் பெண் சைக்கிளில் போகும்போது லாரியில் அடிபட்டு இறந்தாள். ஊர் மௌன ஊர்வலம் போயிற்று. கையில் வெள்ளைப் பூவோடு எண்ணூறு பேர், காலடிச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. ரூல்ஃபினாவும் முழுத் தூரமும் நடந்தாள். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, "அந்தப் பொண்ணு மத்தியானச் சாப்பாட்ட தனியா உக்காந்துதான் சாப்பிடுமாம். இந்த எண்ணூறு பேரு அப்ப எங்க போயிருந்தாங்க?" என்று கூர்ட்டிடம் கேட்டாள். அந்தப் பெண் அடிபட்ட முக்கில் நினைவுக்காக நிறுத்திய வெள்ளைச் சைக்கிளில் மாதாமாதம் பூ புதிதாக இருக்கும். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ரூல்ஃபினா இறங்கி இதழைக் கிள்ளிப் பார்ப்பாள். துணிப்பூ என்றால் முகம் சுருங்கிவிடும்.

இப்படி ஊரார் துக்கத்தையெல்லாம் கிள்ளிப் பார்க்கிறவள் ஒரு துக்கத்தில் தானே பொய் சொன்னாள். பதினான்கு வருடம் முன்பு, அவள் அம்மா இறந்தபோது.

அவளுக்கு ஒரே ஒரு அண்ணன், பெரெந்த். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர், ஊர் பனிச்சறுக்குச் சங்கத்தின் செயலாளர். முதல் மனைவியை விட்டுப் பிரிந்து, தெற்கே லிம்பர்க்கிலிருந்து திரேஸ் என்ற கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தார். பாடுகிற மாதிரிப் பேசும் திரேஸை ரூல்ஃபினாவுக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. திரேஸின் அப்பா சாவுக்குத் தெற்கே போய்வந்தவள் ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். "சூப்பு, பன்றித்தொடை, ஒயின். சிரிப்பு வேற. சாவா கல்யாணமான்னே தெரியல." எங்கள் பக்கம் ஒரு கோப்பை காப்பி, ஒரு துண்டு கேக், அத்தோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவ்வளவு சிரிக்கிறவர்களுக்கு உள்ளே என்ன இருக்கும் என்பது அவள் கேள்வி.

அம்மாவின் அறிவிப்பைப் பெரெந்த் போனில் சொன்னார், தங்கை தட்டச்சு செய்தாள். பெரெந்த், திரேஸ் என்று இரண்டு பெயர் சொன்னார். மறுநாள் பத்திரிகையில் பெரெந்த் மட்டும் இருந்தார். "அச்சகத்துல ஒரு பேரு விட்டுப்போச்சு" என்றாள் ரூல்ஃபினா. யாருக்கு யார் உறவு என்பதற்கு அந்தக் கட்டம்தான் எங்களுக்குச் சாட்சி. அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அதைப் படித்துவிட்டு வந்திருந்தார்கள். வரிசையில் பெரெந்தின் கையைக் குலுக்கிவிட்டு, அடுத்து நின்ற திரேஸுக்குக் கை கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டார்கள். அண்ணன் ஒரே ஒரு முறை கேட்டார். "உண்மைய சொல்லு, அச்சகமா?" அவள் அதையே திருப்பிச் சொன்னாள். அதன் பிறகு அவர் கேட்கவில்லை, பேசவுமில்லை. நான்கு தெரு தள்ளித்தான் வீடு. சூப்பர் மார்க்கெட்டில் பாலாடைக்கட்டிப் பக்கம் அவர் தலை தெரிந்தால் இவள் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொள்வாள். பதினான்கு வருடம் வண்டியைத் திருப்பியே போயிற்று.

ஜனவரியில் கூர்ட் வந்து பெரெந்துக்கு நுரையீரலில் வியாதி என்றார்.

"யார் சொன்னா?"

"சங்கத்துல."

மருந்துக்கடையில் விசாரித்தாள், தேவாலயத்தில் விசாரித்தாள், உறுதி செய்துகொண்டாள். போகவில்லை. இரண்டு முறை சைக்கிளில் அவர் தெருமுனை வரை போய்த் திரும்பினாள். போயிருக்க வேண்டும். அது அவளுக்கும் தெரியும்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பனிச்சறுக்குச் சங்கத்தின் கொட்டகை மேல் கொடி அரைக் கம்பத்தில் பறந்தது. ஏழெட்டு வருடமாகப் பனியே உறையாத சங்கம் அது, கொடியேற்றுவது ஒன்றுதான் அதற்கு வேலை. கயிறு சிக்கியிருக்கும், சோம்பேறிகள் என்று நினைத்துக்கொண்டே அவள் சைக்கிளை மிதித்தாள். வீட்டு வாசலில் கூர்ட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். இந்த முறை அவள் யார் சொன்னது என்று கேட்கவில்லை.

அடுத்த நாள் தபாலில் துக்க அட்டை வரவில்லை. சாவு வீட்டிலிருந்து உறவுக்காரர்களுக்கு அது சாம்பல் நிற ஓரம் போட்ட உறையில் வரும், தபால்காரர் அதை எல்லாக் கடிதத்துக்கும் மேலே வைத்துத் தருவார். மின்சாரக் கட்டணமும் ஒரு விதைப் பட்டியலும்தான் வந்தன. ரூல்ஃபினா தபால்காரரைச் சந்தேகித்தாள், பிறகு தபால் நிலையத்தைச் சந்தேகித்தாள், கடைசியில் சந்தேகப்பட யாரும் மிச்சமில்லை. அட்டை அனுப்பவில்லை என்றால் அறிவிப்பிலும் பெயர் இருக்காது. வியாழக்கிழமைப் பத்திரிகையில் அவள் பெரெந்தின் தங்கையா இல்லையா என்பதை ஊரே படிக்கப் போகிறது. எப்படிப் படிக்கும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

வியாழன் காலை பத்து மணிக்கு கூர்ட் வந்தபோது பத்திரிகை மடிப்புக் கலையாமல் மேசையில் கிடந்தது. ஸ்கேல் அதன் மேல் இருந்தது.

"பிரிக்கலயா?"

"நீயே பிரி."

கூர்ட் பிரித்தார். பெரெந்தின் கட்டத்தைக் கண்டுபிடித்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். முதலில் திரேஸ். அதற்குக் கீழே ரூல்ஃபினா, அன்புத் தங்கை. அதற்கும் கீழே திரேஸின் உடன்பிறந்தோர் நால்வர்.

அவள் பத்திரிகையைப் பிடுங்கி ஸ்கேலை வைத்தாள். ஒரு முறை மேலிருந்து கீழே, ஒரு முறை கீழிருந்து மேலே.

"யாரு வேல இது?"

"வேற யாரு, உன் அண்ணன் சம்சாரம்தான்."

"அவளா? ஏன்?"

"ஏன்னா? நீ தங்கச்சிதானே?"

"அது போதுமா? உனக்கு மனுஷங்களத் தெரியாது, கூர்ட். நீ மாவு ஆலையில இருந்தவன்."

மத்தியானம் துக்க அட்டை வந்தது, ஒரு நாள் தாமதமாக. உறையில் முகவரி நீலப் பேனாவில், சாய்வான கையெழுத்தில். உள்ளே அச்சடித்த அட்டையில் திரேஸும் அவள் பக்கத்து நால்வரும் மட்டும் இருந்தார்கள். ரூல்ஃபினா இல்லை. அடியில் அதே நீலப் பேனாவில் இரண்டு வரி: "அச்சகத்தில் ஒரு பெயர் விட்டுப்போயிற்று. சனிக்கிழமை ஒன்பதரைக்கு வாருங்கள்."

ரூல்ஃபினா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கூர்ட் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார்.

"மன்னிச்சுட்டாங்க போல."

"மன்னிக்கிறதாவது. என் வார்த்தைய எடுத்து எனக்கே திருப்பிப் போடுறா. பதினாலு வருஷம் பத்திரமா வெச்சிருந்திருக்கா பாரு."

"அப்ப பத்திரிகையில பேரு?"

"அதான் புரியல."

புரியாதது எதையும் அவள் அப்படியே விட்டதில்லை. பழைய அலுவலகத்துக்குப் போன் செய்தாள். அவளிடம் வேலை கற்ற மார்லூஸ் இப்போது அந்த மேசையில் இருக்கிறாள்.

"அக்கா, இதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது. நீங்கதான் எனக்குச் சொல்லிக்குடுத்தீங்க."

"நான் வெளி ஆளா?"

மார்லூஸ் குரலைத் தாழ்த்தினாள். "பெரெந்த் பிப்ரவரியிலயே தன் கையால எழுதி வெச்சிருந்தாரு. அட்டைக்கும் பத்திரிகைக்கும் அதேதான். சடங்கு நிலையத்துலேர்ந்து அப்படியே அனுப்பினாங்க."

"அதுல என் பேரு?"

"இல்லக்கா."

ரூல்ஃபினா ரிசீவரை இடது தோளில் இடுக்கிக்கொண்டு மேசைத் துணியை இரண்டு கையாலும் நீவினாள். அண்ணன் அவளை எழுதாமலே போய்விட்டார். சாவு தெரிந்து, நிதானமாக உட்கார்ந்து, பேனாவை எடுத்து, எழுதாமல் விட்டிருக்கிறார். அம்மா சாவுக்கு அவள் விட்ட மாதிரியே.

"அப்புறம் எப்படி வந்துச்சு?"

"நேத்து நாலேகாலுக்கு அந்தம்மா போன் பண்ணாங்க. பக்கம் மூடக் கால் மணி நேரம்தான். ஒரு பேரு சேக்கணும்னாங்க, தனக்கு அடுத்த வரியில. நீங்க சொல்லிக்குடுத்தபடி திருப்பிக் கூப்பிட்டு உறுதி பண்ணிக்கிட்டேன். ஏன் கடைசி நேரத்துலன்னு கேட்டதுக்கு, 'அவங்க எண்ணிப் பாப்பாங்க'ன்னாங்க."

"எந்தக் குரல்ல சொன்னா? சிரிச்சுக்கிட்டா?"

"குரல எழுதிக்கிறதுக்கு நம்ம படிவத்துல எடமில்லக்கா."

வெள்ளிக்கிழமை முழுக்க அவள் யோசித்தாள். சனிக்கிழமை ஒன்பதரை என்பது பெட்டியை மூடும் நேரம், குடும்பத்துக்கு மட்டும். ஊர் பத்து மணிக்குத்தான் வரும். திரேஸ் தன்னைக் குடும்பத்துக்கு நடுவில் நிறுத்தி வைத்து என்ன செய்யப் போகிறாள்? நான்கு பேர் முன்னால் எல்லாவற்றையும் கேட்கவா? கேட்டாலும் தப்பில்லை என்று கூர்ட் சொன்னார். ரூல்ஃபினா அவருக்கு அன்று காப்பி தரவில்லை.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கே சடங்கு நிலையத்துக்கு எதிரே பஸ் நிறுத்தத்து பெஞ்சில் கறுப்புக் கோட்டோடு உட்கார்ந்திருந்தாள். பஸ் வந்தது, ஏறவில்லை. ஒரு காரில் திரேஸும் உடன்பிறந்த நால்வரும் வந்து இறங்குவதை எண்ணிக்கொண்டாள். ஒன்பது இருபத்தெட்டுக்குத் தெருவைத் தாண்டினாள்.

பெட்டிக்குள் பெரெந்த் சங்கத்தின் நீலக் கழுத்துப்பட்டியோடு கிடந்தார். ரூல்ஃபினா குனிந்து வெகுநேரம் பார்த்தாள். கையைத் தொட்டாள், மணிக்கட்டு வரை தொட்டாள். முப்பத்தோரு வருடம் எத்தனையோ பேரிடம் கேட்ட கேள்வியை அங்கே யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நிமிரும்போது அவள் முகம் நனைந்திருந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

எதிர்ப்பக்கம் திரேஸ் நின்றிருந்தாள்.

"அச்சகத்துல விட்டுட்டாங்களா?" என்று ரூல்ஃபினா கேட்டாள்.

"ஆமா," என்றாள் திரேஸ். "நடக்கிறதுதானே."

ரூல்ஃபினா அந்த முகத்தை வரி வரியாகப் பார்த்தாள். குத்தல் தெரிகிறதா, உதட்டோரம் சிரிப்பு ஒளிந்திருக்கிறதா என்று தேடினாள். தூங்காத கண்ணும், பொத்தானை மாற்றிப் போட்டிருந்த கறுப்புச் சட்டையும்தான் இருந்தன. புருஷன் எழுதிவைத்ததை மாற்றியதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசுவதாக இல்லை. ரூல்ஃபினாவும் போனில் கேட்டதைச் சொல்லவில்லை. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வேறொன்றைச் சொன்னாள்.

"முப்பத்தோரு வருஷம் அந்த மேசையில இருந்தேன். அச்சகத்துல ஒரு பேரு விட்டதில்ல. ஒரு தடவகூட."

திரேஸின் தம்பி ஒருவன் தொண்டையைச் செருமினான். திரேஸ் அவளையே பார்த்தாள்.

"நேரமாச்சு," என்றாள் பிறகு. "மூடணும்."

சடங்கு நிலையத்துப் பெண் மூடியை வைத்துவிட்டு, ஒரு தட்டில் ஆறு மரத் திருகுகளை நீட்டினாள். நால்வரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். திரேஸ் ஐந்தாவதை எடுத்துக்கொண்டு, ஆறாவதை எடுத்து ரூல்ஃபினாவின் உள்ளங்கையில் வைத்தாள். தட்டில் ஒன்றும் மிச்சமில்லை. ரூல்ஃபினா தன் திருகை அதன் குழியில் நிறுத்தி, இனிமேல் திரும்பாது என்கிற வரை திருகினாள்.

மற்றவர்கள் கையை எடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார்கள். திரேஸின் திருகு மட்டும் அரை விரல் உயரத்தில் நின்றுவிட்டது. அவள் அதற்கு மேல் திருகாமல் கையை எடுத்துவிட்டாள். சடங்கு நிலையத்துப் பெண் உதவிக்கு வந்தாள். ரூல்ஃபினா அவளை முழங்கையால் ஒதுக்கினாள். திரேஸின் கையைத் திருகின் மேல் திரும்ப எடுத்து வைத்தாள். அதன் மேல் தன் கையை வைத்து, மீதிச் சுற்றையும் சேர்த்துத் திருகினாள்.